வட்டம்: ஒரு சொல்லின் வரலாறு, உப்பிலியபுரத்தை முன்வைத்து

வட்டம் என்பது வளைந்து சென்று, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் கோட்டையும், அக்கோட்டுக்குள் அடங்கும் பரப்பையும் குறிக்கும் சொல். பள்ளியில் கவராயத்தைக் கையில் எடுத்த நாளில் நாம் படிப்பது இது. ஆனால் திருச்சிராப்பள்ளி மாவட்டம் உப்பிலியபுரத்தில் ஒருவரிடம் "உங்களுக்கு எந்த வட்டம்?" என்று கேட்டால் அவருக்குக் கவராயம் நினைவுக்கு வராது. "துறையூர்" என்று சொல்வார். அவர் ஊர் ஒரு பேரூராட்சி. ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடமும்கூட. ஆனால் வட்டத்தின் தலைமையிடம் அன்று. பட்டா மாறுதலுக்கும் வருமானச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் ஏறத்தாழ 15 கி.மீ. தள்ளியிருக்கும் துறையூரின் வட்டாட்சியர் அலுவலகமே அவருக்கு உரியது.

இதிலே ஒரு குழப்பமும் உண்டு. உப்பிலியபுரத்தில் இருப்பது வட்டார வளர்ச்சி அலுவலகம். துறையூரில் இருப்பது வட்டாட்சியர் அலுவலகம். முன்னது ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தது, பின்னது வருவாய்த் துறையைச் சேர்ந்தது. ஒன்றில் கேட்கவேண்டியதை மற்றொன்றில் கேட்டுத் திரும்பி வராதவர் இப்பக்கத்தில் குறைவாகவே இருப்பர். வட்டம், வட்டாரம் என்று ஓரெழுத்தும் ஒரு காலும்தான் வேறுபாடு. பேருந்துக்கட்டணமும் ஒரு நாள் கூலியும் அதற்கு விலை.

ஒரு வடிவத்தின் பெயர் எப்படி நிலப்பிரிவின் பெயராயிற்று? இது அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து ஆக்கிய புதுச்சொல்லா, பழைய பொருளின் தொடர்ச்சியா? இக்கட்டுரை அதைப் பற்றியது.

சொல்லின் பிறப்பு

வட்டம் எங்கிருந்து வந்தது என்பதில் இரு கருத்துகள் உண்டு. வடமொழி 'விருத்த' என்பது பிராகிருதத்தில் 'வட்ட' ஆகித் தமிழுக்கு வந்தது என்பது ஒன்று. 'வள்' என்னும் வேரிலிருந்து வளை, வளையம், வட்டு, வட்டம் எனக் கிளைத்தது என்பது தேவநேயப் பாவாணரும் அவர் வழி வந்தோரும் கொண்ட கருத்து. இவ்வழக்கை இங்கே தீர்க்க முடியாது. தீர்க்க வேண்டியதும் இல்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். அதே வடமொழிச் சொல் 'விருத்தம்' என்ற வடிவில் தமிழுக்கு வந்தபோது வடிவப் பொருளை விட்டுவிட்டுப் பாவினத்தின் பெயராக நின்றுவிட்டது. ஆசிரிய விருத்தம் என்று சொல்லும்போது யாரும் வட்டத்தை நினைப்பதில்லை.

வட்டத்தின் உறவுச் சொற்களும் இப்படித்தான் வேறு வேறு வீட்டில் வாழ்கின்றன. வட்டத்தின் நடுவே குறுக்காகக் கிடக்கும் கோடு விட்டம். ஓட்டுவீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்காகக் கிடந்து கூரையைத் தாங்கும் மரமும் விட்டம். காரிநாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்பைக் காணச் சொல்லும் வழி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. இன்றைய பாடநூல் வாய்பாடும் அதே விடையைத்தான் தருகிறது. அப்படிக் கிடைக்கும் பரப்புக்கு அந்நூல் தரும் அலகு குழி. நிலம் அளப்பவருக்குக் குழி என்பது பள்ளம் அன்று, பரப்பு. சிறு வட்டமான காய்க்கு வட்டு என்று பெயர். கட்டம் வரையாமல் வட்டாடுவதைக் கல்லாதவன் அவையில் பேசுவதற்கு உவமையாக்குகிறது திருக்குறள். அந்த வட்டு இப்போது கணினிக்குள் வன்வட்டாகவும் குறுவட்டாகவும் சுழல்கிறது. வருவாய்த் துறையிலோ குறுவட்டம் என்பது சில கிராமங்களின் தொகுப்பு. ஒரு மகர மெய் தவறினால் கிராமங்கள் ஒரு தகட்டுக்குள் போய்விடும்.

வடிவமா, சுற்றா?

வட்டம் என்ற சொல்லை நாம் வடிவத்தின் பெயராகவே எண்ணுகிறோம். ஆனால் பேச்சு வழக்கைக் கவனித்தால் அது பெரும்பாலும் ஒரு செயலின் பெயராக இருக்கிறது. பருந்து வட்டமிடுகிறது. "ரெண்டு வட்டம் வந்துட்டுப் போயிட்டாரு" என்றால் இரண்டு முறை. "ஊரை ஒரு வட்டம் போட்டுட்டு வாரேன்" என்கிறவர் சந்து சந்தாகத் திரும்பித்தான் வருவார். அவர் நடந்த வழியை வரைந்தால் கோணல்மாணலாக இருக்கும். போய்ச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதுதான் அங்கே வட்டம்.

இதற்குப் பெரிய சான்று திருவரங்கத்தில் இருக்கிறது. அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளும் நாற்கோணமானவை. உத்திர வீதியும் சித்திரை வீதியும் நேர்கோடாக ஓடி, மூலைக்கு மூலை செங்கோணமாகத் திரும்புபவை. சித்திரைத் தேரின்போது ஒவ்வொரு மூலையிலும் தேரைத் திருப்புவது எவ்வளவு பாடு என்பதை வடம் பிடித்தவர்கள் அறிவார்கள். ஆயினும் அவை சுற்றுகளே. மூலைகள் இருப்பது யாருக்கும் முரணாகத் தோன்றுவதில்லை. நடுவில் ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி வருகிறோம், அவ்வளவு போதும்.

நிலப்பிரிவுக்கு வட்டம் என்ற பெயர் ஏன் பொருந்துகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். துறையூர் வட்டத்தின் எல்லையை நிலப்படத்தில் பார்த்தால் மலைச்சரிவும் ஓடையும் வரப்பும் கடித்துத் தின்றதுபோல் இருக்கும். வட்டத்தின் சாயல்கூட அதில் இல்லை. ஆனால் நடுவில் ஓர் ஊர் இருக்கிறது. சுற்றியுள்ளோர் அங்கே போய்த் திரும்புகிறார்கள்.

மண்டலம், கோட்டம், தாலுக்கா

நாட்டைச் சுற்றாகவும் வளைவாகவும் எண்ணிப் பெயரிடுவது புதிதன்று. மண்டலம் என்பதே வடமொழியில் வட்டம்தான். சோழமண்டலம், தொண்டைமண்டலம் என்பன அப்படி வந்தவை. ஐரோப்பியர் வாயில் சோழமண்டலம் கோரமண்டலாகிக் கடற்கரை முழுமைக்கும் பெயரானது. (அதே மண்டலம் சித்த மருத்துவரிடம் 48 நாள். காலமும் சுற்றிவருவதுதானே.) தொண்டைமண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்ததாகச் சொல்வது மரபு. கோட்டம் என்பதற்கு வளைவு என்ற பொருளும் உண்டு. கோயில் என்ற பொருளும் உண்டு. இன்று வருவாய்க் கோட்டம் என்ற பொருளும் உண்டு. காவிரிக்கு வடகரையில், இன்றைய துறையூர்ப் பக்கத்தை உள்ளடக்கிய பரப்பு மழநாடு எனப்பட்டது. கல்வெட்டுகளில் அடிப்படை அலகாக வருபவை நாடும் கூற்றமும்.

பின்னர் நவாபு ஆட்சியோடும் கம்பெனி ஆட்சியோடும் அரபு, பாரசீகச் சொற்கள் வருவாய்க் கணக்கில் குடியேறின. ஜில்லா, தாலுக்கா, பிர்க்கா, தாசில்தார் ஆகியவை அவை. தாலுக்கா என்பதன் அரபு மூலம் 'சேர்ந்திருத்தல், தொடர்புடைமை' என்னும் பொருள் தருவது. பிர்க்கா என்பதன் மூலம் 'பிரிவு'. தாசில் என்றால் வசூல். தாசில்தார் வசூலுக்குப் பொறுப்பானவர். ஜில்லாவின் வரலாறுதான் இவற்றில் சுவையானது. அதன் அரபு மூலச்சொல்லுக்கு விலா எலும்பு என்பதும் பக்கம் என்பதும் பொருள். முக்கோணத்தின் பக்கத்தையும் அரபுக் கணக்கு நூல்கள் அச்சொல்லால்தான் சுட்டும். ஆக, ஜில்லாவை நீக்கி மாவட்டம் என்று எழுதியபோது நாம் ஒரு வடிவச் சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு வடிவச் சொல்லை வைத்தோம். பக்கம் போய் வட்டம் வந்தது.

அந்த மாற்றம் 1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்த ஆண்டுகளில் படிப்படியாக நடந்தது. தாலுக்கா வட்டமாயிற்று, பிர்க்கா குறுவட்டமாயிற்று, ஜில்லா பெரிய வட்டம் என்னும் பொருளில் மாவட்டமாயிற்று. தாசில்தார் வட்டாட்சியரானார். இதில் ஒரு பொருள் மாற்றமும் கலந்திருக்கிறது. பழைய பெயரில் அவர் வசூலிப்பவர். புதிய பெயரில் ஆள்பவர். நிலவரி வருவாய் அரசுக்கு முதன்மையானதாக இல்லாமற்போன காலத்துக்குப் பொருத்தமான பெயர்தான் என்றாலும், கிழவர்கள் இன்றும் "தாசில்தார் ஆபீஸ்" என்றே சொல்கிறார்கள். 1980இல் கர்ணம், முன்சீப்பு முதலிய பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பிறகும் சில ஊர்களில் கர்ணம் வீடு என்ற அடையாளம் போகவில்லை. பெயர்ப்பலகையின் வேகத்துக்கு நாக்கு மாறுவதில்லை.

துறையூரும் எப்போதும் வட்டத் தலைமையிடமாக இருந்ததன்று. ஆங்கிலேயர் கால அரசிதழ்த் தொகுப்புகளில் அது முசிறித் தாலுக்காவைச் சேர்ந்த ஊர். ரெட்டியார் சமீன் ஒன்றின் இருப்பிடம். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சமீன்களை முடித்துவைத்தது. முசிறியிலிருந்து துறையூர் தனி வட்டமாகப் பிரிந்தபோது உப்பிலியபுரத்தார் நடக்கவேண்டிய தொலைவு குறைந்தது. இன்று மாவட்டத்தில் 11 வட்டங்கள் உள்ளன.

ஒரே வீடு, பல வட்டம்

வட்டம் என்றால் தாலுக்கா என்று மட்டும் முடிந்திருந்தால் குழப்பம் இல்லை. துறைக்குத் துறை அளவு வேறுபடுகிறது. உப்பிலியபுரத்தில் ஒரு வீட்டுக்குக் கடிதம் வருகிறது. அஞ்சல் துறைக்கு அந்த வீடு தமிழ்நாடு வட்டத்தில் இருக்கிறது. இந்த வட்டம் மாநிலம் முழுவதையும் புதுச்சேரியையும் உள்ளடக்கியது. மாவட்டத்தைவிடப் பெரிய வட்டம். அதே வீட்டின் மின் இணைப்பு ஒரு மின் பகிர்மான வட்டத்துக்குள் வருகிறது. பொதுப்பணித் துறைக்கோ வட்டம் என்பது கண்காணிப்புப் பொறியாளர் ஒருவரின் ஆளுகைப் பரப்பு. இந்தியத் தொல்லியல் துறை 2020இல் திருச்சி வட்டம் என ஒன்றைப் புதிதாக உருவாக்கியது. அதில் பல மாவட்டங்களின் கோயில்களும் கோட்டைகளும் அடங்கும். இவையெல்லாம் ஆங்கிலத்தில் வட்டத்தைக் குறிக்கும் சொல்லை அப்படியே தமிழாக்கியவை. தாலுக்காவுக்கு வந்த வட்டம் அப்படி வந்ததன்று. மூலம் இரண்டானாலும் பலகையில் எழுத்து ஒன்றுதான்.

நகரத்துக்குப் போனால் வட்டம் சிறுத்துவிடும். சென்னையில் கட்சிக்காரர் "எங்க வட்டம்" என்றால் மாநகராட்சியின் ஒரு வார்டு, சில தெருக்கள். அங்கே வட்டச் செயலாளர் என்பவர் தெருமுனைக் கூட்டம் போடுபவர். நெய்வேலிக்குப் போனால் இன்னும் வேடிக்கை. பழுப்பு நிலக்கரி நிறுவனம் திட்டமிட்டுக் கட்டிய அந்நகரியம் நேர்வீதிகளால் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டது. அக்கட்டங்களுக்குத் தமிழில் இட்ட பெயர் வட்டம். நாற்கோணமான வட்டங்களில் வரிசை எண்ணோடு மக்கள் குடியிருக்கிறார்கள். தபால்காரர் ஒருநாளும் திகைத்ததில்லை. உப்பிலியபுரத்தின் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் அது கட்டையையும் கட்டத்தையும் குறிக்கும் சொல். தமிழ் அதைக் கட்டமாக ஏற்காமல் வட்டாரமாக்கிக்கொண்டது. இதைப் பிழை என்பவர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஊரைச் சுற்றியுள்ள பரப்பு என்ற பழைய எண்ணம் அங்கே வேலை செய்திருக்கிறது.

1930 முதல் 1932 வரை இலண்டனில் மூன்று அமர்வாக நடந்தது வட்டமேசை மாநாடு. முதல் இரு அமர்வுகளில் அம்பேத்கருடன் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோர் சார்பில் உட்கார்ந்தார். மற்ற வட்டங்களுக்கெல்லாம் நடு ஒன்று உண்டு. இந்த வட்டத்தில் தலைமாடு இல்லை என்பதே பொருள். ஊர்ப் பொதுவிடத்தில் உட்கார முடியாதவர்களின் பேராளருக்கு அந்தச் சொல் வெறும் மரச்சாமான் பெயராக இருந்திருக்காது. நட்பு வட்டம், வாசகர் வட்டம் என்பவையும் இந்த வகைதான். லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் வாசகர் வட்டம் என்ற பெயரிலேயே பதிப்பகம் நடத்தினார்.

கோயில், காசு, நிலா

கோயிலில் வட்டத்துக்கு இன்னொரு குடும்பம் உண்டு. சாமிக்குப் பிடிக்கும் வட்ட விசிறி ஆலவட்டம். பெருமாள் சந்நிதிகளில் திருவாராதனத்துக்கு நீர் வைக்கும் பாத்திரம் வட்டில். சோறுண்ணும் கலத்துக்கும் அப்பெயர் இருந்தது. தலையைச் சுற்றிக் கட்டப்படும் துணி பரிவட்டம். அது ஒரு முழத் துணிதான். ஆனால் தேரோட்ட நாளில் யார் தலையில் முதலில் ஏறுகிறது என்பதில் ஊர் இரண்டாகப் பிளந்து நீதிமன்றம் வரை போன வழக்குகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

காசிலும் வட்டம் உண்டு. காசின் வடிவத்தைச் சொல்லவில்லை. வராகன், பணம், பலவகை ரூபாய் என நாணயங்கள் கலந்து புழங்கிய காலத்தில், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும்போது சராப்பு பிடித்துக்கொண்ட கழிவுக்கு வட்டம் என்று பெயர். 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலைநாணயமான பிறகு இத்தொழில் மெல்லத் தேய்ந்தது, சொல்லின் இப்பொருளும் தேய்ந்தது.

நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை என்பது மானாவாரிக் காட்டுக்காரர் நம்பிக்கை. மிக உயரத்தில் பரவும் மெல்லிய முகிலின் பனித்துகள்களில் ஒளி விலகுவதால் அவ்வட்டம் தோன்றுகிறது. அத்தகைய முகில் மழைக்கு முன்னால் வருவது உண்டு என்பதால் நம்பிக்கை முற்றும் பொய்யன்று.

மலைமேல் நாடு, கீழே வட்டம்

உப்பிலியபுரத்துக்கு மேற்கே கொல்லிமலையும் கிழக்கே பச்சைமலையும் நிற்கின்றன. கொல்லிமலையின் அடியில் புளியஞ்சோலை. அங்கே இறங்குவது அய்யாறு. இம்மலைகளில் ஏறினால் நிலப்பிரிவின் சொல் மாறிவிடுகிறது. கொல்லிமலையில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு. பச்சைமலையில் தென்புறநாடு, வண்ணாடு. சமவெளியில் கல்வெட்டோடு நின்றுபோன நாடு என்ற அலகு மலைமேல் பேச்சிலும் ஊராட்சிப் பெயரிலும் இருக்கிறது. கீழே தாலுக்கா வந்து போய் வட்டம் வந்துவிட்டது. மேலே அதற்கு முந்தைய சொல்லே தங்கிவிட்டது.

அங்கே வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர், மலையில் இருப்போர் என்ற பொருளில் அமைந்தது. இவர்களுக்கு வட்டம், கோட்டம், மாவட்டம் என்பன வெறும் முகவரிச் சொற்கள் அல்ல. மற்றவர்களுக்குச் சாதிச் சான்று வட்டத்தோடு முடிந்துவிடும். பழங்குடிச் சான்றை வழங்கவேண்டியவர் கோட்டாட்சியர். துறையூர் வட்டம் முசிறிக் கோட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே பச்சைமலை மாணவர் ஒருவருக்குக் கல்லூரிக்கான சான்று, துறையூர் வட்டத்தைக் கடந்து முசிறிக் கோட்டத்துக்குப் போய்த்தான் கிடைக்கும்.

மாவட்டம் அதைவிடவும் கனமான சொல். நாடாளுமன்றம் 1976இல் திருத்திய பழங்குடிகள் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. கோயம்புத்தூர் இல்லை. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து 1979இல் ஈரோட்டுக்குப் போன பர்கூர், கடம்பூர் மலைகளில் அதே பெயரோடு வாழ்பவர்கள் இதனால் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். சேர்க்கச் சொல்லி நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். பச்சைமலைக்காரரோ, திருச்சிராப்பள்ளி என்ற பெயர் அதில் இருப்பதால் உள்ளே இருக்கிறார். பிறகு மாவட்டங்கள் உடைந்தன. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரும் கரூரும் பிரிந்தன. 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் பிரிய, கொல்லிமலை அதனோடு போயிற்று. ஒரே பச்சைமலை இன்று திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. பட்டியலில் உள்ள பெயர்கள் உடையாத பழைய மாவட்டங்களையே குறிக்கின்றன. நிலப்படத்தில் அழிந்துபோன வட்டம் சட்டத்தில் அப்படியே நிற்கிறது.

உப்பிலியபுரத்துக்கு இன்னொரு எல்லைக்கோடும் இருந்தது. அது பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதியின் பெயராக இருந்தது. ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம் என மாநிலத்தில் மூன்றே தொகுதிகள் அவ்வகையின. 2008இன் தொகுதி மறுவரையறையில் உப்பிலியபுரம் தொகுதி நீக்கப்பட்டது. 2006இல் நடந்ததே அதன் கடைசிப் பொதுத்தேர்தல். 2011 முதல் இப்பகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட துறையூர்த் தொகுதியில் இருக்கிறது. பழங்குடித் தொகுதிகள் இரண்டாகக் குறைந்தன. மலையடிவாரத்தில் ஒன்றியத்துக்கும் பேரூராட்சிக்கும் உப்பிலியபுரம் என்ற பெயர் தொடர்கிறது. விண்ணப்பப் படிவத்தில் 'வட்டம்' என்ற இடத்தில் எழுதவேண்டியது துறையூர்.